பழைய கேம் இமேஜ் ஓடவில்லையா? முதலில் பைட் கணக்கைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இது. களுவாஞ்சிக்குடி வீட்டு அலுமாரியில் 1990களின் கடைசியில் வாங்கிய கேம் சீடிகளும் ஒரு பெட்டி ப்ளொப்பியும் கிடக்கின்றன. அவற்றில் சிலதுக்கு யாரோ இமேஜ் (டிஸ்க் முழுவதையும் ஒரே பைலாக எடுத்த பிரதி) எடுத்து பென் டிரைவில் தந்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டொப். ஒரு இமேஜைத் திறந்தால் டிரைவ் வருகிறது, கேமைத் தொட்டால் "இந்தக் கணினியில் இயங்காது" என்கிறது. இன்னொரு இமேஜ் "பழுதடைந்த பைல்" என்கிறது. டொஸ்பொக்ஸ் என்ற எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்து பழைய கேமை ஓட்டும் புரோகிராம்) போட்ட கார் கேம் ஓடுகிறது, மியூசிக் இல்லை. வேறொன்று விரல் வைக்க முன்னமே முடிந்துவிடும் வேகத்தில் ஓடுகிறது. எந்த எமுலேட்டர் திறம் என்று கேட்கிறீர்கள்.

எமுலேட்டரை மாற்றி மாற்றிப் போடுவதில் பலன் இல்லை. இந்த நான்கில் முதலாவது விண்டோஸின் குணம், கடைசி வெறும் வேக அமைப்பு. நடுவில் உள்ள இரண்டும், கையில் இருக்கும் இமேஜ் என்ன வகை என்று பார்க்காததால் வருபவை. இமேஜ் எதிலிருந்து எடுத்தது, முழுதாக எடுபட்டதா என்பதைப் பைலின் பெயர் சொல்லாது. பைட் எண்ணிக்கை சொல்லும்.

முதலாவதை முடித்துவிடுவோம். டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயக்க முறைமை) கேம்களும் விண்டோஸ் 3.1 காலத்துக் கேம்களும் 16 பிட் புரோகிராம்கள். 64 பிட் விண்டோஸுக்குள் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. ஆகவே "கொம்பெட்டிபிலிட்டி மோட்" எதைத் தெரிவு செய்தாலும் அந்தச் செய்தி போகாது. எமுலேட்டர்தான் வழி.

இனி பைட் கணக்கு. பைலில் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டிஸ் எடுங்கள். "சைஸ்" என்ற வரியில் எம்பி அளவுக்குப் பக்கத்தில் முழு எண் இருக்கும். கீழே உள்ள "சைஸ் ஒன் டிஸ்க்" வரி வேறு கணக்கு, அதை விடுங்கள்.

எண் 1,474,560 என்றால் அது 3.5 அங்குல 1.44 எம்பி ப்ளொப்பியின் முழு இமேஜ். 80 ட்ரெக், 2 பக்கம், ஒரு ட்ரெக்குக்கு 18 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் அந்த எண்தான் வரும். 737,280 என்றால் 720 கேபி ப்ளொப்பி. 1,228,800, 368,640 இரண்டும் பெரிய 5.25 அங்குல வகைகள். 901,120 என்றால் அது பீசி டிஸ்கே அல்ல, அமிகா. 174,848 என்றால் கொமடோர் 64. இந்தக் கடைசி இரண்டையும் டொஸ்பொக்ஸுக்குக் கொடுத்து மல்லுக்கட்ட வேண்டாம். அமிகாவுக்கு வின்யூஏஈ, கொமடோருக்கு வைஸ். எண் 1,474,560ஐவிடக் குறைவாக, எந்த வகைக்கும் பொருந்தாமல் நின்றால், இமேஜ் எடுக்கும்போது இடையில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

"பழுதடைந்த பைல்" என்று விண்டோஸ் சொன்ன உங்கள் ஐஎம்ஜி பைல் பெரும்பாலும் பழுதில்லை. விண்டோஸ் டபுள் கிளிக்கில் திறப்பது சீடி, டிவிடி இமேஜைத்தான். ப்ளொப்பி இமேஜைக் கொடுத்தால் அதற்கு அடையாளம் தெரியாமல் பழுது என்று சொல்லிவிடும். எண் சரியாக இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

சீடிக்கு எண்ணை வகுத்துப் பார்க்கவேண்டும். சீடியில் ஒரு செக்டர் 2,352 பைட். டேட்டா செக்டரில் அதில் 2,048 பைட்தான் நமக்கான தரவு. மீதி பிழைதிருத்தம், முகவரி போன்றவை. ஐஎஸ்ஓ (.iso) என்பது 2,048ஐ மட்டும் வரிசையாக அடுக்கியது, பின் (.bin) என்பது 2,352ஐயும் அப்படியே எடுத்தது. எண் 2,048ஆல் மிச்சமின்றி வகுபட்டால் ஐஎஸ்ஓ. 2,352ஆல் வகுபட்டால் பின். பின் பைலுக்கு ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் அதைத் திறக்காது, பெயரைப் பார்த்து ஏமாறுவது நாம்தான். ஐஎம்ஜி, எம்டிஎஃப் என்ற பெயரில் வரும் பெரிய பைல்களையும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

கார் கேமின் மியூசிக் எங்கே போனது என்பதற்கு விடையும் இங்கேதான். 1990களின் நடுவில் வந்த பல கேம்களின் சீடியில் முதல் ட்ரெக் மட்டுமே டேட்டா. இரண்டாவதிலிருந்து சாதாரணப் பாட்டுச் சீடி போலவே ஓடியோ ட்ரெக்குகள். கேம் "4ஆம் ட்ரெக்கை வாசி" என்று டிரைவுக்குச் சொல்லும், டிரைவ் வாசிக்கும். ஐஎஸ்ஓவில் ஓடியோ ட்ரெக் அடங்காது. ஆகவே கேம் ஓடும், எஞ்சின் சத்தம் கேட்கும், பாட்டு மட்டும் வராது. சீடி உங்கள் கையில் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடிப்பக்கத்தைச் சரித்துப் பிடித்தால் எழுதப்பட்ட பகுதியும் எழுதப்படாத பகுதியும் நிறத்தில் வேறுபட்ட வளையங்களாகத் தெரியும். எழுதிய வளையம் விளிம்புவரை போய், ஐஎஸ்ஓ 40 எம்பியோடு நின்றால், மீதி இடமெல்லாம் பாட்டு. ஓடியோ ஒரு விநாடிக்கு 75 செக்டர், அதாவது 176,400 பைட் பிடிக்கும். 45 நிமிடப் பாட்டுக்கு 476 எம்பி வந்துவிடும். அந்த ஐஎஸ்ஓவை எப்படித் திருத்தினாலும் பாட்டு திரும்பாது. சீடியிலிருந்து மறுகா ஒருக்கா பின், கியூ ஆக எடுக்கத்தான் வேண்டும்.

கியூ (.cue) என்பது, பின்னுக்குள் எந்த ட்ரெக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சின்ன டெக்ஸ்ட் பைல், நோட்பேடில் திறக்கும். (இந்தப் பதிலில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) உள்ளே இப்படி இருக்கும்:

ஃபைல் "ரேஸ்.பின்" பைனரி
ட்ரெக் 01 மோட்1/2352
இன்டெக்ஸ் 01 00:00:00
ட்ரெக் 02 ஓடியோ
இன்டெக்ஸ் 01 04:10:32

நேரத்தின் மூன்றாவது எண் விநாடியின் 75இல் ஒரு பங்கு. இமேஜ் ஏறவில்லை என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை முதல் வரியிலேயே தீர்ந்துவிடும். யாரோ பின் பைலின் பெயரை மாற்றியிருப்பார்கள், கியூவுக்குள் பழைய பெயர் அப்படியே நிற்கும். அல்லது இமேஜ் எடுத்தவரின் கணினியில் இருந்த முழுப் பாதையும் அதில் எழுதியிருக்கும். அந்தப் பாதையை அழித்து, பைல் பெயரை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதுங்கள். கியூ தொலைந்து, பின்னில் டேட்டா ட்ரெக் மட்டும் இருந்தால் மேலே உள்ள முதல் மூன்று வரியை நீங்களே எழுதிச் சேமித்தால் போதும். ஓடியோ ட்ரெக் உள்ளதற்கு அப்படி ஊகித்து எழுத முடியாது, ட்ரெக் தொடங்கும் நேரங்கள் வேண்டும்.

பாட்டுக்குப் பதில் "சர்ர்" என்ற இரைச்சல் வந்தால், ஓடியோ பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறிக் கிடக்கின்றன. லினக்ஸில் சிடிஆர்டிஏஓ கொண்டு எடுத்த இமேஜ்களில் இது வரும். கியூவாக மாற்றும்போது பைட் மாற்றும் தெரிவைக் கொடுத்து மீண்டும் மாற்றினால் சரி.

இனி ஓட்டும் வேலை. மூல டொஸ்பொக்ஸ் 2002இல் வந்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர் அதன் கிளையான டொஸ்பொக்ஸ் ஸ்டேஜிங்கைப் போடுவது நல்லது என்பது என் எண்ணம். விண்டோஸ் 95, 98ஐ உள்ளேயே நிறுவ விரும்பினால் மட்டும் டொஸ்பொக்ஸ் எக்ஸ்.

சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு போல்டர் செய்யுங்கள். அதற்குள் கேமுக்கு ஒரு போல்டர், பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். தமிழ்ப் பெயர் வைத்த போல்டருக்குள்ளோ, டெஸ்க்டொப்பிலோ, ஒன்டிரைவ் (OneDrive) ஒத்திசைக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். டொஸுக்கு அந்தப் பெயர்கள் குழம்பும், ஒத்திசைவு சேவ் பைலோடு மோதும். முழு சி டிரைவையும் மவுண்ட் செய்யவும் (டொஸ்பொக்ஸுக்குள் டிரைவாக ஏற்றவும்) வேண்டாம். அந்தக் காலத்தில் கடையில் விற்ற "நூறு கேம் ஒரே சீடியில்" வகைத் தொகுப்புகளில் டொஸ் வைரஸ் கிடப்பதுண்டு. டொஸ்பொக்ஸுக்குள் அது எழும்பினாலும் மவுண்ட் செய்த போல்டரைத்தான் தொடும், உங்கள் டொக்கியுமென்ட்ஸை அல்ல.

டொஸ்பொக்ஸைத் திறந்து இரண்டு வரி:

மவுண்ட் சி சி:\கேம்ஸ்
ஐஎம்ஜிமவுண்ட் டி சி:\கேம்ஸ்\ரேஸ்\ரேஸ்.கியூ -டி ஐஎஸ்ஓ

ஐஎம்ஜியும் மவுண்டும் ஒரே சொல், இடைவெளி இல்லை. முதல் "டி" (D) டிரைவின் எழுத்து. கோடு போட்ட இரண்டாவது "டி" (T) டைப் என்பதன் முதல் எழுத்து. கொடுப்பது கியூ பைலாக இருந்தாலும் வகை ஐஎஸ்ஓ என்றுதான் எழுதவேண்டும். பின் பைலைக் கொடுக்காதீர்கள், கியூவைக் கொடுங்கள். பின்னைக் கொடுத்தால் டிரைவ் ஏறினாலும் ஓடியோ ட்ரெக் தெரியாது.

பிறகு "டி:" என்று மாறி, "டிர்" கொடுத்து, இன்ஸ்டோல் அல்லது செட்டப் பைலை ஓட்டி, சி டிரைவில் நிறுவுங்கள். நிறுவும்போது சீடிக்கு எந்த எழுத்தோ விளையாடும்போதும் அதே எழுத்து. பல கேம்கள் அந்த எழுத்தைத் தங்கள் கொன்ஃபிக் பைலில் எழுதி வைத்துக்கொள்ளும். இன்று டி, நாளை ஈ என்று ஏற்றினால் "சீடியைப் போடு" என்று கேட்டுக்கொண்டே நிற்கும். சீடியின் பைல்களை ஒரு போல்டருக்குக் கொப்பி பண்ணி அதை டிரைவாக ஏற்றினாலும் இதே கதைதான், ஏனென்றால் சீடியின் லேபிள் பெயர் கொப்பியில் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டாமல் இருக்க, கேம் போல்டரில் டொஸ்பொக்ஸ்.கொன்ஃப் என்ற டெக்ஸ்ட் பைல் ஒன்றை வைத்து, சதுர அடைப்புக்குள் ஓட்டோஎக்ஸெக் என்று எழுதி, அதன் கீழ் இந்த வரிகளைப் போடுங்கள். அந்த போல்டரில் கமாண்ட் ப்ரொம்ப்ட் திறந்து டொஸ்பொக்ஸைத் தொடங்கினால் தானே ஏறும்.

சீடி இரண்டு மூன்று என்றால் ஐஎம்ஜிமவுண்ட் வரியிலேயே கியூ பைல்களை வரிசையாக எழுதுங்கள். கேம் அடுத்த சீடி கேட்கும்போது கொன்ட்ரோல், எஃப்4 இரண்டையும் அழுத்தினால் அடுத்தது ஏறும். ப்ளொப்பிகளுக்கும் இதே வழி, டிரைவ் ஏ, வகை ப்ளொப்பி. ஆனால் ஆறு ப்ளொப்பி கேமுக்கு இன்னும் இலேசான வழி உண்டு. ஆறு இமேஜிலும் உள்ள பைல்களை 7-சிப் கொண்டு ஒரே போல்டருக்குள் எடுத்து, அங்கிருந்தே இன்ஸ்டோலை ஓட்டுங்கள். பல இன்ஸ்டோலர்கள் அடுத்த டிஸ்கின் பைல் பக்கத்திலேயே கிடப்பதைக் கண்டு கேட்காமல் போய்விடும். லேபிள் பார்க்கும் இன்ஸ்டோலர் மட்டும்தான் மறுக்கும்.

வேகம். 1980களின் பல கேம்கள் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் ப்ரொசெசர் ஓடும் வேகத்திலேயே ஓட எழுதப்பட்டவை. டொஸ்பொக்ஸில் இதற்கு சைக்கிள் எண். கொன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், கொன்ட்ரோல் எஃப்12 கூட்டும். லேப்டொப்பில் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். முதல் பீசி காலத்து வேகத்துக்கு சுமார் 300, 286க்கு 3,000, 386க்கு 6,000 முதல் 8,000, 486க்கு 25,000 அளவில் தொடங்கிப் பாருங்கள். கூட்டக் கூட்ட நல்லது என்று நினைக்க வேண்டாம். லேப்டொப் தாங்காத எண்ணைக் கொடுத்தால் சத்தம் முதலில் வெட்டி வெட்டி வரும். கேம் திறந்தவுடன் "ரன்டைம் எரர் 200" என்று வந்து நின்றால் அதுவும் வேகக் கோளாறுதான். டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும்; வேகம் கூடினால் அந்தக் கணக்கு நிரம்பி வழிந்து, பூச்சியத்தால் வகுத்த பிழையாக வெளிவரும். சைக்கிளைக் குறைத்துத் தொடங்கினால் போய்விடும்.

சத்தத்துக்கு, கேமின் செட்டப் புரோகிராமில் சவுண்ட் பிளாஸ்டர் 16 தெரிவு செய்து, போர்ட் 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1, ஹை டிஎம்ஏ 5 என்று கொடுங்கள். அந்தக் காலத்து உண்மையான கார்டுகள் பல ஐஆர்கியூ 5இல் இருந்தன. பழைய கொன்ஃபிக் பைலோடு வந்த கேமில் 5 என்று கிடந்தால் சத்தம் வராது, சிலது அப்படியே உறைந்துவிடும். படம் தட்டையாக, வட்டம் முட்டை போலத் தெரிந்தால் எஸ்பெக்ட் திருத்தம் நின்றிருக்கிறது. 320க்கு 200 படத்தை 4க்கு 3 திரையில் நிமிர்த்திக் காட்டத்தான் அக்காலத்தில் வரைந்தார்கள். சுட்டி சிக்கிக்கொண்டால் கொன்ட்ரோல் எஃப்10.

கோளாறு போலத் தெரிந்து கோளாறு இல்லாதவையும் உண்டு. 1990இல் டொஸுக்கு வந்த பிரின்ஸ் ஒப் பேர்சியாவில் முதல் கட்டம் முடிய, எழுத்துகளோடு மருந்துப் புட்டிகள் நிறைந்த அறை வரும். கையேட்டின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். தவறினால் உயிர் போகும். அது கொப்பியைத் தடுக்க வைத்த பூட்டு. இமேஜை எத்தனை தரம் எடுத்தாலும் மாறாது, கையேடு வேண்டும்.

விண்டோஸ் 95, 98 கேம்கள் வேறு வகை. கேம் 32 பிட்டாக இருந்தும் அதன் இன்ஸ்டோலர் 16 பிட்டாக இருப்பதுண்டு. அப்போது ஓடிவிடிஎம் என்ற கருவி இன்ஸ்டோலரை மட்டும் விண்டோஸ் 11இல் ஓட்டித் தரும். திரையில் நிறம் கலைந்தால், படம் வராவிட்டால், பழைய கிராபிக்ஸை இன்றைய கார்டுக்கு ஏற்ப மாற்றித் தரும் டிஜிவூடூ 2. ஆனால் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட சீடி என்றால் உங்கள் இமேஜ் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வேலை செய்யாது. அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10இலிருந்து மைக்ரோசொப்ட் ஏற்பதில்லை. 2015இல் பழைய விண்டோஸ்களிலும் பாதுகாப்பு அப்டேட் ஒன்றால் நிறுத்திவிட்டது. கேம் நிறுவனமே பின்னர் வெளியிட்ட பட்ச் அல்லது ஜிஓஜி போன்ற இடத்தில் விற்கும் புதிய பதிப்புத்தான் நேர்வழி. ஜிஓஜி விற்கும் டொஸ் கேம்கள் பலவும் டொஸ்பொக்ஸோடு கட்டியே வருகின்றன. டூம் கேமின் முதல் பகுதி 1993இலேயே இலவசமாகப் பரப்ப விட்டது, அதை வைத்துப் பழகலாம்.

முழு விண்டோஸ் 98 கணினியையே எமுலேட் செய்ய வேண்டும் என்றால் 86பொக்ஸ். அது ப்ரொசெசரின் ஒரே ஒரு கோரை (core) வாட்டி எடுக்கும். ஜன்னலின் தலைப்பில் வேக வீதம் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால் சத்தம் திக்கும், உள்ளே தெரிவு செய்த ப்ரொசெசரைக் குறையுங்கள். ரேம் 128 அல்லது 256 எம்பி போதும். 512ஐத் தாண்டினால் விண்டோஸ் 98 தானே தடுமாறும். விண்டோஸ் 98 சீடியில் உள்ள வின்98 போல்டரை முதலிலேயே உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணிவிட்டால் ஒவ்வொரு டிரைவருக்கும் சீடி கேட்டு உயிரை வாங்காது. போனில் விளையாடுவதானால் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் செயலியில் டொஸ்பொக்ஸ் பியூர். சிப் பைலை அப்படியே கொடுக்கலாம், திரையில் விசைப்பலகையும் வரும்.

கடைசியாக அலுமாரியில் கிடப்பவை. எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக் காற்றும் மாரிக் குளிரும் டிஸ்க்குகளைச் சும்மா விடாது. ப்ளொப்பியின் உலோகச் சட்டரை விரலால் தள்ளி, உள்ளே உள்ள கறுப்புத் தகட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ படலமோ தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து நல்ல ப்ளொப்பியைப் போடும்போது அதைச் சுரண்டிக்கொண்டு போகும். சுத்தமானதை மட்டும் முதலில் எடுங்கள். மூலையில் உள்ள சின்னத் துவாரத்தைத் திறந்து வைத்தால் எழுத முடியாது, வாசிக்கலாம். "ஃபோர்மட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். யூஎஸ்பி ப்ளொப்பி டிரைவ் சாதாரண பீசி டிஸ்கை வாசிக்கும். அமிகா டிஸ்கும் பூட்டுப் போட்ட டிஸ்கும் அதற்குச் சரிவராது. அவற்றுக்குப் பழைய உள் டிரைவ் ஒன்றும் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகையும் வேண்டும். அது காந்த அலையையே பதிவு செய்யும்.

சீடியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துவாரம் போல வெளிச்சம் வந்தால் அங்கே அலுமினியப் படலம் போய்விட்டது, அந்த இடம் மீளாது. 2004இல் கடல் தண்ணீர் பட்ட சீடிகள் வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவேண்டும். அடிப்பக்கக் கீறல் அவ்வளவு மோசமில்லை. லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து, படலம் அதன் கீழேயே இருக்கிறது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. இமேஜ் எடுக்க விண்டோஸில் இம்ஜ்பேர்ன் என்ற புரோகிராம் போதும். ஓடியோ ட்ரெக் உள்ள சீடி என்றால் அது தானே பின், கியூ ஆக எடுக்கும். வாசிக்கத் திணறும் டேட்டா சீடிக்கு லினக்ஸில் டிடிரெஸ்கியூ, செக்டர் அளவு 2,048. முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது முடிந்தது என்பதை மெப் பைலில் எழுதிக்கொண்டே போகும். இடையில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு டிரைவ் வாசிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் வாசிப்பதும் உண்டு, அதே மெப் பைலோடு டிரைவை மாற்றிப் பாருங்கள்.

எடுத்த இமேஜை ரீட் ஒன்லி ஆக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொப்பியில் விளையாடுங்கள். ப்ளொப்பியிலேயே சேவ் செய்யும் பழைய கேம்கள் இமேஜ் பைலுக்குள்ளேயே எழுதும்.